கூடைப்பந்து அட்டைப் பெட்டி: பிரிப்பதற்கு முன் படிக்க வேண்டியவை

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களின் பயணப் பெட்டிகளில் வாசனைத் திரவியத்தோடும் சாக்லேட்டோடும் இப்போது கூடைப்பந்து வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளைப் பாக்கெட் பாக்கெட்டாக அடைத்த சிறிய காகிதப் பெட்டிகளும் புதுச்சேரி வீடுகளுக்கு வந்து சேர்கின்றன. 1962இல் பிரெஞ்சு ஆட்சி சட்டப்படி முடிவுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிசின் புறநகர்ப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அங்கே கூடைப்பந்து மிகவும் விரும்பப்படும் விளையாட்டு. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 2023இல் முதலாவதாக எடுக்கப்பட்ட விக்டர் வெம்பன்யாமா பிரான்சைச் சேர்ந்தவர். 2024இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சக்காரி ரிசாஷே, இரண்டாவதாக எடுக்கப்பட்ட அலெக்ஸ் சார் ஆகிய இருவரும் அதே நாட்டவர்கள். உப்பளம் மைதானத்துப் பக்கம் பந்து தட்டும் பிள்ளைக்குப் பாரிசில் இருக்கும் அத்தை மகன் இந்தப் பெட்டியை வாங்கி அனுப்புவதில் வியப்பில்லை.

பெட்டி வந்த பிறகு வீட்டில் எழும் கேள்விகள் பெரும்பாலும் இவைதாம். இதைப் பிரிப்பதா, பிரிக்காமல் வைத்திருப்பதா? செய்திகளில் சொல்வதுபோல லட்சக்கணக்கில் விலை போகும் அட்டை உள்ளே இருக்குமா? பெட்டியின் மேல் இதுவரை பனினி என்று இருந்த நிறுவனப் பெயர் ஏன் டாப்ஸ் என்று மாறியது, இரண்டில் எது அசல்? இவற்றுள் கடைசிக் கேள்விக்கு விடை எளிது என்பதால் அதிலிருந்து தொடங்கலாம்.

உரிமம் கை மாறிய விவரம்

கூடைப்பந்து அட்டையை முறையாக அச்சிட இரண்டு அனுமதிகள் வேண்டும். அணியின் பெயரையும் சின்னத்தையும் சீருடையையும் பயன்படுத்தும் உரிமையை என்.பி.ஏ. தருகிறது; வீரர்களின் படத்தையும் பெயரையும் தொகுப்பாகப் பயன்படுத்தும் உரிமையை வீரர்கள் சங்கம் தருகிறது. 2009இலிருந்து இத்தாலியில் தோன்றிய பனினி நிறுவனத்திடம் தனியுரிமை இருந்தது. அது 2025 செப்டம்பர் இறுதியோடு முடிந்து, அக்டோபர் 1 முதல் அமெரிக்க விளையாட்டுப் பொருள் நிறுவனமான ஃபெனாட்டிக்ஸுக்குப் போனது. ஃபெனாட்டிக்ஸ் 2022 ஜனவரியில் பழைய அட்டை நிறுவனமான டாப்ஸின் அட்டைத் தொழிலை விலைக்கு வாங்கியிருந்ததால், புதிய பெட்டிகள் டாப்ஸ் என்ற பழம்பெயரிலேயே வருகின்றன. இந்தக் கைமாற்றத்துக்கு முன்பே, 2023 ஆகஸ்டில், சந்தையில் போட்டியை ஒழிப்பதாகக் குற்றஞ்சாட்டிப் பனினி வழக்குத் தொடுத்தது. ஃபெனாட்டிக்ஸும் பதிலுக்கு வழக்குத் தொடுத்தது.

வாங்குபவர் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. 2024-25 அல்லது அதற்கு முந்தைய ஆட்டப் பருவத்தைக் குறிக்கும் பனினியின் என்.பி.ஏ. பெட்டி முழு உரிமத்தோடு வெளிவந்தது. உரிமம் காலாவதியானதால் பழைய அட்டை போலியாகிவிடாது.

2. 2025-26 பருவத்தின் உரிமம் பெற்ற அட்டைகள் டாப்ஸ் பெயரில் வருபவை. அந்த ஆண்டு முதலாவதாகத் தேர்வான கூப்பர் ஃபிளாக்கை டாலஸ் அணியின் சீருடையில் காட்டும் அட்டையை அந்தப் பெட்டியில்தான் எதிர்பார்க்க முடியும்.

3. என்.பி.ஏ.வின் உரிமம் இல்லாத நிறுவனமும் வீரரோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்டு அட்டை வெளியிடலாம். அப்படி வரும் அட்டையில் அணியின் பெயரும் சின்னமும் இருக்காது. சேகரிப்போர் இவற்றைக் குறைவாகவே மதிக்கிறார்கள்.

இந்த மூன்றாவது வகை ஒப்பந்தத்துக்கு மறுபக்கமும் உண்டு. வெம்பன்யாமாவின் கையெழுத்து உரிமையை ஃபெனாட்டிக்ஸ் பெற்றிருந்தது. அதனால் அவருடைய முதல் பருவமான 2023-24க்குப் பனினி வெளியிட்ட பிரிசம் என்ற அட்டைத் தொகுதியின் பெட்டிகளில் அவருடைய படம் உண்டு. அவர் கையெழுத்திட்ட அட்டை இல்லை. அந்தப் பெட்டியை இன்று அதிக விலைக்கு விற்பவர் வெம்பன்யாமாவின் கையெழுத்து கிடைக்கக்கூடும் என்று சொன்னால், அது நடக்க முடியாத ஒன்று.

சில்லறைப் பெட்டியும் ஹாபி பெட்டியும்

ஒரே பெயரில் வரும் அட்டைத் தொகுதி இரண்டு வழிகளில் விற்பனைக்கு வருகிறது. அட்டைகளுக்கென்றே இருக்கும் சிறப்புக் கடைகளுக்குப் போவது ஹாபி பெட்டி. பேரங்காடிகளின் அலமாரியில் மற்றப் பொருள்களோடு வைக்கப்படுவது சில்லறைப் பெட்டி. அதில் மிகவும் பரவலானது பிளாஸ்டர் எனப்படும் சிறு பெட்டி. 2019-20 பருவத்துப் பிரிசம் தொகுதியை எடுத்துக்கொண்டால், ஹாபி பெட்டியில் 12 பாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் 12 அட்டைகள், பெட்டிக்கு 2 கையெழுத்து அட்டைகள் என்று நிறுவனமே அறிவித்திருந்தது. அதே தொகுதியின் பிளாஸ்டரில் 6 பாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் 4 அட்டைகள், ஆக மொத்தம் 24 அட்டைகள். கையெழுத்துக்கு எந்த உறுதியும் கிடையாது. அமெரிக்கக் கடைகளில் அதன் விலை அப்போது 20 டாலர் அளவில் இருந்தது.

ஊருக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை பிளாஸ்டர்களே, ஏனென்றால் உறவினர் சாதாரணக் கடையில் பார்த்து வாங்குவது அதைத்தான். காணொளிகளில் பிரிக்கப்படுவதோ பெரும்பாலும் ஹாபி பெட்டிகள். இரண்டின் மேலும் ஒரே சின்னம், ஒரே எழுத்து இருப்பதால், காணொளியில் பார்த்தது தன் கையிலும் வரும் என்று பிள்ளை எதிர்பார்க்கிறது. ஏமாற்றத்தின் முதல் வேர் இங்கேதான் இருக்கிறது.

பாக்கெட்டுக்குள் என்ன இருக்கும்

1. பேஸ் அட்டை: தொகுதியின் அடிப்படை அட்டை. மிக அதிக அளவில் அச்சிடப்படுவது. பெட்டியின் பெரும்பகுதி இதுவே.

2. ரூக்கி அட்டை: வீரரின் அறிமுகப் பருவத்தில் வரும் அட்டை. முகப்பில் அதற்கான சிறு முத்திரை இருக்கும். இன்று சந்தையில் கேட்பு பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே நடக்கிறது.

3. பேரலல்: அதே படம், வேறு நிறம் அல்லது வேறு பளபளப்பு. சிலவற்றில் 25/99 என்பதுபோல் எண் அச்சிட்டிருக்கும். அந்த வகையில் மொத்தம் 99 அட்டைகள் உள்ளன, கையில் இருப்பது அவற்றில் 25ஆவது என்பது அதன் பொருள். 1/1 என்று இருந்தால் அந்த வகையில் உலகில் அது ஒன்றுதான். எண் இல்லாத பேரலல் எத்தனை அச்சிடப்பட்டது என்பது வெளியே சொல்லப்படுவதில்லை. பளபளப்பதெல்லாம் அரியது என்று நினைக்கக் கூடாது.

4. இன்சர்ட்: தனித் தலைப்பிலும் தனி வடிவமைப்பிலும் வரும் துணைத் தொகுதி. பார்வைக்கு அழகாக இருக்கும். விலையில் பெரும்பாலும் பேஸ் அட்டையைவிடச் சற்றே மேல்.

5. கையெழுத்து அட்டை: வீரர் அட்டையின் மேலேயே கையெழுத்திட்டிருக்கலாம், அல்லது அவர் கையெழுத்திட்ட ஒட்டுத்தாளை நிறுவனம் ஒட்டியிருக்கலாம். முதல் வகைக்கே மதிப்பு அதிகம். பாக்கெட் கட்டும் நேரத்துக்குள் வீரரிடமிருந்து கையெழுத்து வந்து சேராவிட்டால், அதற்குப் பதிலாகக் குறியீட்டு எண் கொண்ட மாற்றுச் சீட்டு வைக்கப்படும். அதில் கெடுத்தேதி உண்டு. பல ஆண்டுக்கு முந்தைய பெட்டியை வாங்கும்போது இந்தத் தேதி முக்கியமாகிறது.

6. துணி அட்டை: சீருடைத் துண்டு பதித்த அட்டை. இதன் பின்பக்கத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஆட்டத்தில் அணிந்தது என்று எழுதியிருந்தால் ஒரு மதிப்பு. வீரர் அணிந்தது என்று மட்டும் இருந்தால், படப்பிடிப்புக்காகச் சில நொடிகள் அணிந்ததாகவும் இருக்கலாம். பல அட்டைகளில் இந்தத் துணி எந்தக் குறிப்பிட்ட வீரருடனும் ஆட்டத்துடனும் நிகழ்ச்சியுடனும் தொடர்புடையதன்று என்ற வாசகமே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. முகப்பில் வீரரின் படத்தை வைத்துக்கொண்டு பின்பக்கத்தில் இப்படி எழுதுவது சட்டப்படி சரியாக இருக்கலாம். நேர்மையான வியாபாரம் என்று அதை ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை.

'1:60' என்ற குறிப்பின் பொருள்

பாக்கெட்டின் பின்புறத்திலோ பெட்டியின் அடிப்பகுதியிலோ மிகச் சிறிய எழுத்தில், எந்த வகை அட்டை எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று என்ற விகிதம் தரப்பட்டிருக்கும். அதை ஹாபி, சில்லறை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் விகிதம் வேறு. கையெழுத்து அட்டைக்கு 1:60 என்று இருப்பதாக ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். பலரும் இதை, 60 பாக்கெட் வாங்கினால் ஒன்று கட்டாயம் வரும் என்று படிக்கிறார்கள். அது தவறு.

பெட்டிக்கடையில் தொங்கும் பரிசுத் தாளில் நூறு சீட்டுகள் இருந்தால், நூறையும் கிழிப்பவருக்குப் பெரிய பரிசு கிடைத்தே தீரும். ஒவ்வொரு சீட்டு குறையும்போதும் எஞ்சியவற்றின் மதிப்பு கூடுகிறது. அட்டைப் பெட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அச்சிடப்பட்ட பாக்கெட்டுகள் பெருந்தொகையாகப் பல நாடுகளுக்குச் சிதறிப் போகின்றன. நம் கையில் இருக்கும் பாக்கெட்டுக்கும் நேற்று நாம் பிரித்த பாக்கெட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே கணக்கை இப்படிப் போட வேண்டும்:

1. ஒரு பாக்கெட்டில் கையெழுத்து இல்லாமல் போகும் வாய்ப்பு 60இல் 59.

2. 6 பாக்கெட் கொண்ட ஒரு பிளாஸ்டரில் ஒன்றுமே இல்லாமல் போகும் வாய்ப்பு, அந்த 59/60ஐ ஆறு முறை பெருக்கி வரும் தொகை: ஏறக்குறைய 90 சதவீதம். கையெழுத்து கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

3. பத்துப் பெட்டி, அதாவது 60 பாக்கெட் வாங்கியவருக்கும் ஒன்றும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 36 சதவீதம். இருபது பெட்டி வாங்கினாலும் 13 சதவீதம் எஞ்சி நிற்கிறது.

இதுவும் ஏதோ ஒரு வீரரின் கையெழுத்துக்கான கணக்கு மட்டுமே. அந்தத் தொகுதியில் 40 வீரர்கள் சம அளவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று கொண்டால், குறிப்பிட்ட ஒருவருடையது சராசரியாக 2,400 பாக்கெட்டுக்கு ஒன்று, அதாவது 400 பெட்டிக்கு ஒன்று. பெட்டி 30 டாலர் என்றால் 12,000 டாலர். நம் பணத்தில் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். உண்மையில் வீரர்கள் சம அளவில் கையெழுத்திடுவதில்லை, புகழ்பெற்றவரின் அட்டைகள் குறைவாகவே இருக்கும் என்பதால் நிலைமை இதைவிடக் கடினம். ஒரு வீரர்மீது பிள்ளைக்கு உண்மையான பற்று இருந்தால், அவருடைய சாதாரண ரூக்கி அட்டை ஒன்றைத் தனியாக விலைக்கு வாங்குவதே சிக்கனமானது. பெட்டி வாங்குவதன் பயன் வேறு: எது வரும் என்று தெரியாமல் பிரிக்கும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி மெய்யானது, அதற்கு விலை கொடுப்பதில் தவறும் இல்லை. அதை முதலீடு என்று பெயர் மாற்றிச் சொல்வதுதான் தவறு.

விலை ஏறுவதும் இறங்குவதும்

ஒரு பெட்டிக்குள் சராசரியாக இருக்கும் அட்டைகளின் மறுவிற்பனை மதிப்பு பெட்டியின் விலையைவிட அதிகமாக இருந்தால், மொத்த வியாபாரிகளே அவற்றைப் பிரித்து உதிரியாக விற்றிருப்பார்கள். பெட்டி பிரிக்கப்படாமல் நம் கைக்கு வருகிறது என்பதே, உள்ளிருப்பதன் சராசரி மதிப்பு விலையைவிடக் குறைவு என்பதற்கு வலுவான அறிகுறி. இடையில் உள்ள தொகை எதிர்பார்ப்புக்கு நாம் தரும் விலை.

செய்தியில் வரும் தொகைகள் பொய்யல்ல. மைக்கேல் ஜோர்டன், கோபி பிரயன்ட் இருவரும் கையெழுத்திட்டு, இருவருடைய சீருடையிலிருந்தும் எடுத்த என்.பி.ஏ. சின்னங்களைப் பதித்த, எக்ஸ்குவிசிட் என்ற தொகுதியின் 2007-08 அட்டை 2025 ஆகஸ்டில் 1.29 கோடி டாலருக்கு ஏலம் போனது. ஸ்டீபன் கரியின் 2009-10 அட்டை ஒன்று 2021இல் 59 லட்சம் டாலருக்கு விற்றது. ஆனால் இவை இரண்டும் உயர்விலைத் தொகுதிகளில் வந்தவை. பேரங்காடிச் சில்லறைப் பெட்டியில் வரும் வகையே அல்ல.

மேலும், உச்சத்தில் சொல்லப்படும் விலை நிலைப்பதில்லை. ஃபிளீர் என்ற நிறுவனம் வெளியிட்ட ஜோர்டனின் 1986-87 அட்டை, மிக உயர்ந்த தரச் சான்றோடு, 2021 தொடக்கத்தில் 7,38,000 டாலருக்குப் போனது. ஓரிரு ஆண்டுகளிலேயே அதே தரத்து அட்டை 2 லட்சம் டாலர் அளவுக்கு இறங்கியது. கொரோனாக் காலத்தில் வீட்டில் அடைந்திருந்தவர்கள் அட்டைகளின் பக்கம் திரும்பியதால் எழுந்த அலை அது. அந்த நாள்களில் சில்லறைப் பெட்டிக்காக அமெரிக்கக் கடைகளில் விடியற்காலையிலேயே வரிசை நின்றது. விஸ்கான்சின் மாநிலத்துக் கடை ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் அட்டைக்காக அடிதடி நடந்ததை அடுத்து, டார்கெட் என்ற பேரங்காடி நிறுவனம் 2021 மே மாதம் கடைகளில் அட்டை விற்பதையே சில காலம் நிறுத்தி வைத்தது.

பிரிக்காமல் வைத்திருப்பது பற்றிய கேள்விக்கும் இங்கேயே விடை உண்டு. 2019இல் முதலாவதாகத் தேர்வான சயான் வில்லியம்சனை நம்பி 2019-20 பெட்டிகளைப் பல மடங்கு விலைக்கு வாங்கிப் பதுக்கியவர்கள், அவர் காயங்களால் ஆட்டம் ஆட்டமாக வெளியே அமர்ந்ததைப் பார்த்தார்கள். பிரிக்காத பெட்டியின் மதிப்பு இருபது வயதுகூட நிரம்பாத ஒருவரின் முழங்காலைப் பொறுத்திருக்கிறது. அன்பளிப்பாக வந்த ஒரே ஒரு பிளாஸ்டரைப் பிள்ளையின் ஆசைக்கு விட்டுப் பிரிக்கச் சொல்வதே சரி என்பது என் முடிவு.

இது சூதாட்டமா

பரிசு, தற்செயல், கொடுத்த பணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் லாட்டரி என்பது அமெரிக்கச் சட்டத்தின் பொதுவான அளவுகோல். பாக்கெட்டின் மேல் வாங்காமலே பங்குபெறலாம் என்று எழுதி, அஞ்சல் முகவரி தரப்பட்டிருப்பதன் காரணம் இதுதான். பணம் என்ற மூன்றாவது கூறை அது நீக்குகிறது. அட்டை நிறுவனங்களுக்கு எதிராக அங்கே தொடுக்கப்பட்ட வழக்குகளில், 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, வாங்கியவர் பணத்துக்கு ஈடாக அட்டைகளைப் பெற்றுக்கொள்கிறார், எதிர்பார்த்த அட்டை வராத ஏமாற்றம் மட்டும் அவருடைய சொத்துக்கு நேர்ந்த இழப்பாகாது என்ற நிலையை எடுத்தது.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை உள்ளது. லாட்டரிச் சீட்டால் அழிந்த குடும்பங்களைக் கடலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் நன்றாக நினைவு வைத்திருக்கிறார்கள். ஆகவே அட்டைப் பெட்டியைப் பார்த்ததும் அவர்கள் முகம் சுளிப்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. தோற்ற லாட்டரிச் சீட்டு வெறும் காகிதம். இங்கே விருப்பமான வீரர் வராவிட்டாலும் 24 அட்டைகள் கையில் நிற்கின்றன, நண்பர்களிடம் மாற்றிக்கொள்ளலாம், கோப்பில் அடுக்கலாம். இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது.

ஆனால் இணையத்தில் நடக்கும் பிரேக் எனப்படும் முறையில் அந்த வேறுபாடு கரைந்துபோகிறது. ஒருவர் நேரலையில் பெட்டி பிரிக்கிறார். பார்ப்பவர்கள் ஆளுக்கு ஓர் அணியின் பெயரில் முன்பணம் கட்டுகிறார்கள். அந்த அணியின் அட்டை வந்தால் அவர்களுக்கு, வராவிட்டால் பணம் போனது போனதுதான். கைப்பேசியில் ஒரு தட்டலில் பணம் அனுப்பும் பிள்ளைகள் உள்ள வீட்டில் பெற்றோர் கவலைப்பட வேண்டியது மேசைமேல் இருக்கும் பெட்டியைப் பற்றி அன்று, இந்த நேரலைகளைப் பற்றியே.

வாங்குவது, பிரிப்பது, காப்பது

கையோடு கொண்டு வருவதற்கும் பார்சலில் அனுப்புவதற்கும் செலவில் பெரிய வேறுபாடு உண்டு. வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வரும் சிறு பார்சல்களுக்கு இருந்த சுங்க விலக்கு 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. அன்பளிப்பு என்று எழுதினாலும் வரி உண்டு, அஞ்சல் கட்டணமும் சேர்த்தே மதிப்புக் கணக்கிடப்படும். பயணியின் உடைமையாக வரும் ஓரிரு பெட்டிகள் வரியற்ற வரம்புக்குள் அடங்கிவிடும்.

உதிரி பாக்கெட்டுகளை வாங்காமல் இருப்பது நல்லது. துணி அட்டை தடிமனாக இருப்பதால், எடை பார்த்தும் விரலால் அழுத்தியும் நல்ல பாக்கெட்டுகளை முன்பே பொறுக்கி எடுத்துவிடுபவர்கள் உண்டு. இதைத் தடுக்கவே நிறுவனங்கள் சில பாக்கெட்டுகளில் வெற்றுத் தடிமன் அட்டை வைப்பதுண்டு. பெட்டியின் மேல் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் தளர்ந்தோ, ஓரங்கள் கோணலாக ஒட்டியோ இருந்தால் அதை வாங்கக் கூடாது.

பிரிக்கும்போது கை ஈரமின்றி இருக்க வேண்டும்; அட்டையை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும்; ரப்பர் பேண்ட் போடவே கூடாது. நம் கரையோரக் காற்றுக்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது. பளபளப்பான அட்டையில் ஒரு பக்கம் மெல்லிய படலம், உள்ளே காகிதம். காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும்போது படலம் விரியாததால் அட்டை வளைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இது கண்கூடாகத் தெரியும். மெல்லிய உறை, அதற்கு மேல் கெட்டியான பிளாஸ்டிக் உறை, மூடி இறுகும் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் என்ற ஏற்பாடு போதுமானது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தரைத்தளத்து வீடுகளில் நீர் புகுந்ததை மறக்காதவர்கள், டப்பாவை அலமாரியின் மேல் தட்டில் வைப்பார்கள்.

கடைசியாகத் தரச் சான்று. பிஎஸ்ஏ, பெக்கெட் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் அட்டையின் ஓரம், மூலை, மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் அளவு ஆகியவற்றைச் சோதித்து 10 வரை மதிப்பெண் தந்து பிளாஸ்டிக் பேழையில் பூட்டித் தருகின்றன. இங்கிருந்து அனுப்பினால் சோதனைக் கட்டணம், போக வர அஞ்சல், காப்பீடு, திரும்பி வரும்போது சுங்கத்தில் விளக்கம் என்று செலவு சேர்கிறது. சில்லறைப் பெட்டியின் பேஸ் அட்டை 10 மதிப்பெண் பெற்றாலும் அந்தச் செலவை மீட்பது அரிது. எண் அச்சிட்ட பேரலலோ கையெழுத்தோ, அதுவும் பலரும் தேடும் வீரருடையதாக வந்தால் மட்டும், முதலில் அதே அட்டை சான்றின்றி என்ன விலைக்கு விற்று முடிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அனுப்பலாம். பார்க்க வேண்டியது விற்று முடிந்த விலையை. விற்பவர் கேட்கும் விலையை அல்ல.